பச்சை நூல் பொத்தான்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
18.8.2024, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு, உங்கள் ஜெபிஷா எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் நலம். வயிற்றில் இருக்கிற உங்கள் பிள்ளையும் நலம். ஆறாம் மாதம் நடக்கிறது. இந்த வாரம் உதை பலமாகியிருக்கிறது, அதுவும் நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற நேரம் பார்த்து. அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், மக்ரூனையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். கப்பலில் நீங்கள் சுகமாக இருக்கப் பனிமய மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். பேசுகிறோம், சரிதான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை எடுத்தால் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. தாளில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மேலத்தெரு ஜெனோ உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறுவதற்காக வருகிற வியாழக்கிழமை சிங்கப்பூருக்குப் புறப்படுகிறான். கருவாடு மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். மக்ரூன் டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். அவன்தான் வாய் தவறிச் சொன்னான், "அண்ணன் இப்ப எறங்கலயாமே அக்கா, இன்னும் ஆறு மாசம் நீட்டி எழுதிக் குடுத்திருக்காவளாமே" என்று. எனக்குத் தெரிந்த விஷயம் போலத் தலையாட்டி அனுப்பிவிட்டு, காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் இறங்க வேண்டியது செப்டம்பர் கடைசியில். ஆறு மாதம் கூட்டினால் மார்ச் கடைசி. உங்கள் அண்ணனுக்கு ஆண்டுப் பூசை மார்ச் எட்டாம் தேதி. பிள்ளை பிறப்பது நவம்பர் கடைசி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வந்து பார்க்கும்போது அதற்கு நாலு மாதம் ஆகி, குப்புற விழுந்திருக்கும்.

ஏன் நீட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "ஏளா, நேர்ச்ச வச்சிருக்கேன். அண்ணனுக்கு ஆண்டுப் பூச முடியுத வரைக்கும் ஒன்னயத் தொட மாட்டேன்." என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து வைத்த நேர்ச்சை அது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது நிற்காது என்று பயந்துதான் முப்பதாம் நாள் பூசைக்குக் கூட நிற்காமல் கப்பல் ஏறினீர்கள். ஊர் என்ன சொன்னது என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. அண்ணன்காரன் தோளில் தூக்கி வளர்த்த பயல் ஒரு மாதம் துக்கம் காக்க மாட்டாமல் ஓடிவிட்டான் என்று சொன்னது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை வாய் திறக்கவில்லை. இன்று நான் திறக்கப் போகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சங்கு குளிக்க இறங்கியவருக்குக் காற்று டியூப் கழன்றுவிட்டது, வள்ளத்தில் இருந்தவர்கள் இழுத்து ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். சனிக்கிழமை போஸ்ட்மார்ட்டம். புருஷனைப் பறிகொடுத்த ஆக்னஸ் மயினி பிணவறை வாசலில் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நம் வழக்கப்படி கல்யாணக் கோட்டைப் போட்டுத்தானே பெட்டியில் வைக்க வேண்டும்? மயினி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "ஏளா, அலமாரில அவுக கோட்டு தொங்குது. நீயும் கொழுந்தனும் போயி எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் வந்துருங்க, அவுகள வெறும் ஒடம்போட கெடத்தியிருக்காவ" என்றார்கள்.

சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை ஐந்து மாதமாக என் காதை விட்டுப் போகவில்லை.

திரேஸ்புரத்து வீட்டைத் திறந்து உள்ளே போனோம். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் பாதி குடித்துவிட்டு வைத்த காப்பித் தம்ளர் ஜன்னல் திண்டில் அப்படியே இருந்தது. அதற்குள் எறும்பு மிதந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். யார் முதலில் தொட்டது என்று கப்பலில் கிடந்து யோசித்துக்கொண்டிருந்தால், யோசிக்க வேண்டாம். நான்தான். அன்று காலையில் ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்தேன். அந்தக் குளிர்ச்சி என் உள்ளங்கையில் இருந்துகொண்டே இருந்தது. உங்கள் நெஞ்சில் காதை வைத்தேன். அது அடித்துக்கொண்டது. உடம்பு சூடாக இருந்தது. நாளைக்கு இந்த உடம்பும் ஒரு டியூப் கழன்றால் போய்விடும் என்று நினைத்தேன். அப்புறம் எதையும் நினைக்கவில்லை.

நாலு வருஷக் கல்யாணத்தில் இரண்டு வருஷம் நெல்லை டாக்டரிடம் நடந்தோம். அவர்கள் தேதி குறித்துக் கொடுப்பார்கள், நான் காலண்டரில் வட்டம் போடுவேன், நீங்கள் லீவில் வந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பையன் போலப் பக்கத்தில் படுப்பீர்கள். முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். அன்றைக்கு வட்டமும் இல்லை, தேதியும் இல்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தோம். எனக்கு அன்று ஆசை இருந்தது அத்தான். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். கல்யாணம் ஆன புதிதில் கூட அப்படி ஒரு ஆசை எனக்கு வந்ததில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது. அவர்கள் வீட்டில், அவர்கள் கட்டிலில், அவர் பிணவறையில் கிடக்கும்போது.

மயினியிடமிருந்து போன் வந்தது. எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். எடுத்துவிட்டோம், ஆட்டோ கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். எழுந்து, அலமாரியைத் திறந்து, கையில் பட்ட கருநீலக் கோட்டை உருவிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். அலமாரிக்குள் கருநீலக் கோட்டு இரண்டு தொங்குகிறது என்பதை மறந்துபோனேன். மறக்கிற விஷயமா அது? நம் வாடகை வீட்டு ஓதத்தில் துணி பூத்துப்போகும் என்று உங்கள் கோட்டை அங்கே கொண்டுபோய் மாட்டியதே நான்தான். அண்ணனுடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு அதே டெய்லரிடம் போய், அதே நிறத்தில், அச்சு அசல் இதே மாதிரி வேண்டும் என்று நின்று தைத்தவர் நீங்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்த உடம்பு காத்திருக்கிறது என்று அங்கே இருந்தவர்கள் சத்தம் போட்டு, அவசர அவசரமாக உடுத்திவிட்டார்கள். வீட்டில் பெட்டியை வைத்த பிறகுதான் மயினி பார்த்தார்கள், கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. இழுத்து இழுத்து விட்டார்கள். யாரோ ஒரு கிழவி, "தண்ணி குடிச்ச ஒடம்புல்லா, ஊதியிருக்கும் தாயீ" என்று சமாதானம் சொன்னாள். நான் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்தேன். நடுப் பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. நம் கல்யாணத்தன்று ராத்திரி நீங்கள் கோட்டைக் கழற்றும்போது அறுந்த பொத்தான். கறுப்பு நூல் கிடைக்காமல் என் ஜாக்கெட் நூலில் நான் தைத்துக் கொடுத்தது.

எனக்குப் பின்னால் நீங்கள் குனிந்தீர்கள். வெகுநேரம் நிமிரவில்லை. தம்பிக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பெண்கள் இன்னும் கொஞ்சம் அழுதார்கள். நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கழுத்து மாலையைக் கீழே இழுத்து அந்தப் பொத்தானை மூடினீர்கள். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெட்டியை மூடுகிற வரைக்கும் நேரம் இருந்தது. கோட்டு மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய் எடுத்துவந்திருக்கலாம். சொன்னால், எப்படி மாறியது, அந்த முக்கால் மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

மே மாதம் நான் போனில் பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னபோது "சரி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். நாலு வருஷம் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் நடந்தவளுக்கு ஒரு "சரி". உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அன்று சிரிக்க முடியவில்லை. அத்தைதான் தெருவெல்லாம் சொன்னார்கள். மூத்த மகன் அம்புரோசே திரும்பி வந்து பிறக்கப்போகிறான் என்று என் வயிற்றைத் தடவி அழுகிறார்கள். யாராவது விரல் விட்டு மாதத்தை எண்ணினால், சாவுக்கு முந்தியே உண்டான பிள்ளை என்று அடித்துச் சொல்கிறார்கள். நானும் ஆமாம் போடுகிறேன்.

பாரம் தாங்காமல் ஜூன் மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். துக்க வீட்டில், அதுவும் நோன்பிருக்கிற தபசு காலத்தில் இப்படி என்று சொன்னேன். சாமியார், கூட இருந்தது உன் புருஷன்தானே என்று கேட்டார். ஆமாம் சாமி என்றேன். அதில் என்ன பாவம், போய் மூன்று அருள்நிறை மரியே சொல்லு என்று அனுப்பிவிட்டார். கோட்டு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், படியில் உட்கார்ந்து காத்திருந்தது கடவுள் இல்லையே.

இனித்தான் முக்கியமான விஷயம். மாதா திருவிழா முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மயினி நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கருநீலக் கோட்டு. அலமாரிக்குப் பாச்சை உருண்டை போடத் திறந்திருக்கிறார்கள். உங்கள் கோட்டுதானே என்று எடுத்து உதறியபோது உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டை விழுந்திருக்கிறது. தங்கள் கல்யாணத்துக்கு அவர்களே பூப்போட்டு, இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தையும் தைத்துக் கொடுத்த கைக்குட்டை. அதோடு அவரை அடக்கம் செய்ததாகத்தான் இவ்வளவு நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்களாம். "ஏளா, இது அவுக கோட்டு. அப்ப மண்ணுக்குள்ள போனது யாரு கோட்டு?" என்று கேட்டார்கள்.

அவசரத்தில் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள், என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்னேன், மாலையை இழுத்து மூடியது வரைக்கும். மயினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "என் கட்டில்லயா?" நான் தலையைக் குனிந்தேன். கோட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். பிறகு ஒன்பது நாள் மயினி இந்தப் பக்கம் வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போனார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்காக விழுங்கினேன்.

போன வியாழக்கிழமை, மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து, தானாகவே வந்தார்கள். அத்தை பூசையிலிருந்து திரும்பவில்லை. மயினி உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்கள். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், நிறைய இருக்கிறது, அந்த முக்கால் மணி நேரத்தை உங்கள் இரண்டு பேருக்கும் சாகிற வரைக்கும் மன்னிப்பேனா என்று தெரியாது என்றார்கள். அதற்குப் பிறகு சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்க அத்தைதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாவ. சங்கு குளிக்கப் போற ஒடம்பு சுத்தமா இருக்கணும், சீசன் முடியுத வரைக்கும் பாய தனியாப் போடு, இல்லன்னா கடலு ஆளத் தூக்கிரும்னு. ஐப்பசில இருந்து வைகாசி வரைக்கும் வருஷத்துக்கு எட்டு மாசம். பதினெட்டு வருஷம் காத்தேன் ஏளா. அன்னைக்குக் காலையில காப்பி குடுக்கப் போறேன், அவுக என் கையப் பிடிச்சாவ. இன்னைக்குக் கடலுக்குப் போக மனசில்ல, கொஞ்சம் இங்கன இருடீன்னாவ. தபசு வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன இதுன்னு கைய உதறிட்டேன். பாதிக் காப்பியோட எந்திச்சுப் போயிட்டாவ. அவுக சாகக்கூடாதுன்னுதானே தொடாம இருந்தேன்?"

நானும் அழுதேன், அவர்களும் அழுதார்கள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, அன்று இரவே தலையணைக்குக் கீழே என் கொண்டை ஊசியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அழுது அலுத்து நான் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன் என்று நினைத்தார்களாம். "நல்லாத்தான் படுத்திருக்க" என்றார்கள். எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை.

அண்ணன் மகள் ஷீஜா ஹாஸ்டலிலிருந்து வந்தால் இதெல்லாம் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆனால் போகும்போது பையிலிருந்து கோட்டை எடுத்து நாற்காலியில் மாட்டினார்கள். கைக்குட்டையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்கள். "இத அலமாரிக்குள்ள பூட்டிராத. எங்க வீட்டு ஆம்பளயளுக்குக் கோட்டுன்னா கல்யாணத்துக்கு ஒருக்கா, கல்லறைக்கு ஒருக்கா. நடுவுல ஒரு நாளாவது ஒருத்தன் போடட்டும். என் கொழுந்தன் இனிகோவ வரச் சொல்லு. என் மூஞ்சியப் பாத்து அவன் வாயால சொல்லட்டும். சொல்லிட்டு, புள்ள ஞானஸ்நானத்துக்கு இதப் போட்டுக்கிட்டு நிக்கட்டும்" என்றார்கள்.

அத்தான், நானும் நல்ல பிள்ளை இல்லை. ஆனால் நான் சொல்லிவிட்டேன். பாதி பாரம் இறங்கியிருக்கிறது. மீதிப் பாதி உங்களுடையது, அதை நான் சொல்லித் தீர்க்க முடியாது. நடுக்கடலில் நின்று நேர்ச்சை காத்தால் அண்ணனுக்கு என்ன போய்ச் சேரும்? மயினி பதினெட்டு வருஷம் காத்த நேர்ச்சை என்ன ஆயிற்று என்று இப்போது உங்களுக்கும் தெரியும். என்னைத் தொட வேண்டாம் என்றால் தொடாதீர்கள். அதை வீட்டில் இருந்துகொண்டு செய்யுங்கள். மார்ச் எட்டு வரைக்கும் நான் அத்தை பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். பிள்ளையைத் தொடமாட்டேன் என்று நீங்கள் நேர்ச்சை வைக்கவில்லையே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். உங்கள் கோட்டு உங்களுக்கு முந்தி மண்ணுக்குள் போய்விட்டதே என்று எனக்குப் பயம். காற்று பலமாக அடிக்கிற நாளெல்லாம் அந்தப் பச்சை நூல் கண்ணுக்குள் வருகிறது. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நம்பமாட்டேன்.

கம்பெனிக்கு இன்றைக்கே எழுதுங்கள். செப்டம்பரில் இறங்கிவிடுகிறேன், பெண்சாதிக்குப் பேறுகாலம் என்று எழுதுங்கள். பொய் இல்லையே.

அண்ணனுடைய கோட்டு நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உங்களுக்குக் கை இரண்டு விரற்கடை நீளம் இருக்கும். உங்கள் சட்டையோடு சேர்த்துப் பிடித்ததைப் பார்த்து, மடித்துத் தைத்து வை என்று அத்தை சொல்கிறார்கள், உங்கள் கோட்டு என்றே நினைத்துக்கொண்டு, மகன் கப்பலில் இளைத்துவிட்டான் போல என்று கவலைப்படுகிறார்கள். நான் இன்னும் ஊசியைத் தொடவில்லை. பார்க்காமல் எடுத்து ஒரு தடவை தப்பு நடந்தது போதும். ஆளை முன்னால் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லித்தான் இனி அளவெடுப்பேன். நூல் வாங்கி வைத்திருக்கிறேன், பச்சைதான்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். மாதா உங்கள் தலைக்கு மேலே இருக்கட்டும்.

கை நீட்டுவீர்கள் என்று காத்திருக்கும்,
உங்கள் ஜெபிஷா